கனடிய கண்ட்ரி பாட்டில் ஸ்டீல் கிட்டார்: அது யாருடைய கை?

வாசகர் கேள்வி, 3 நவம்பர் 2024

“கனடிய கண்ட்ரி இசை என்று தனியாக ஒன்று இருப்பதுபோல் சிலர் எழுதுகிறீர்கள். கனடியப் பாடகர் ஹாங்க் ஸ்னோவின் ‘ஐயாம் மூவிங் ஆன்’ பாட்டில், தந்தி மேல் எஃகு உருளையை வழுக்கி வாசிக்கும் ஸ்டீல் கிட்டாரை வாசித்தவர் அமெரிக்கர். இன்னொரு கனடியர் நீல் யங்கின் ‘ஹார்வெஸ்ட்’ இசைத்தட்டில் வாசித்தவரும் அமெரிக்கர். கண்ட்ரி பாட்டுக்கு அழுகை வருவதே அந்த வாத்தியத்தால்தான். அதையே இரவல் வாங்கினால் மிச்சம் என்ன? கனடிய ஸ்டீல் வாசிப்பாளர் ஒருவர் பெயரையாவது சொல்லுங்கள், பார்க்கலாம்.”

3 நவம்பர் 2024, இரவு

பட்டி கேஜ்.

ஒரு பெயர் போதும் என்றீர்கள். நாளைக்கு வேலை இருக்கிறது, படுக்கப் போகிறேன்.

4 நவம்பர் 2024

சரி, குறும்பு போதும். கேள்வியில் உள்ள இரண்டு தகவலும் சரிதான். ‘ஐயாம் மூவிங் ஆன்’ 1950இல் அமெரிக்க கண்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்விலில் பதிவானது. அமெரிக்காவின் ‘பில்போர்ட்’ பத்திரிகை போடும் கண்ட்ரி பட்டியலில் 21 வாரம் முதலிடத்தில் இருந்தது. அதில் ஸ்டீல் வாசித்தவர் ஜோ டால்பட், அமெரிக்கர். 1972இல் வந்த ‘ஹார்வெஸ்ட்’டில் பென் கீத். அவரும் அமெரிக்கர், அதற்குப் பத்து வருடம் முன்பே பாட்சி கிளைனின் ‘ஐ ஃபால் டு பீசஸ்’ பாட்டில் வாசித்தவர்.

அதே கணக்கை மறுபக்கமாகவும் போட்டுப் பாருங்கள். பட்டி கேஜ் 1946இல் ரொறன்ரோவில் பிறந்தவர். ‘நியூ ரைடர்ஸ் ஆஃப் த பர்ப்பிள் சேஜ்’ என்ற கலிஃபோர்னியாக் குழுவில் ஸ்டீல் வாசித்துக்கொண்டிருந்தவர் ஜெரி கார்சியா. 1971இல் அவர் எழுந்த இடத்தில் கேஜ் உட்கார்ந்தார். 1974இல் பாப் டிலன் பதிந்த ‘பிளட் ஆன் த டிராக்ஸ்’ இசைத்தட்டில் ‘மீட் மி இன் த மார்னிங்’ பாட்டை எடுத்துக் கேளுங்கள். பாட்டின் பின்பாதியில் சீறிக்கொண்டு வருகிற ஸ்டீல் இந்த ரொறன்ரோக்காரருடையது.

உலகம் அதிகம் கேட்ட கனடியப் பாட்டில் அமெரிக்கக் கை, அமெரிக்கப் பாட்டில் கனடியக் கை. எல்லையின் இரண்டு பக்கமும் ஆள் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே புகழ்பெற்ற தட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு கனடிய ஸ்டீல் உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. வேறு இடங்களில் தேட வேண்டும் என்பதுதான் என் கட்சி.

5 நவம்பர் 2024

பெடல் உள்ளது, இல்லாதது என்று இரண்டு சொல்கிறார்களே, வித்தியாசம் என்ன என்று ஒரு தங்கை கேட்டிருக்கிறார்.

பழையது ஹவாயிலிருந்து வந்தது. கிட்டாரை மடியில் மல்லாத்தி வைத்து, இடது கையில் பிடித்த எஃகு உருளையைத் தந்திகள் மேல் வழுக்கிக்கொண்டு போவார்கள். 1930களின் தொடக்கத்தில் ரிக்கன்பேக்கர் கம்பெனி அதற்கு மின்சாரம் கொடுத்தது. பிறகு கால் வைத்து நிறுத்தினார்கள், கழுத்தை இரண்டாக, மூன்றாகப் பெருக்கினார்கள். எத்தனை கழுத்து வைத்தாலும் ஒரு சிக்கல் தீரவில்லை. உருளை நேராக இருப்பது. அதை நகர்த்தினால் எல்லாத் தந்தியும் ஒன்றாகத்தான் ஏறும், ஒன்றாகத்தான் இறங்கும்.

பெடல் வந்ததும் அந்தக் கட்டு உடைந்தது. 1954இல் வெளிவந்த வெப் பியர்ஸின் ‘ஸ்லோலி’ பாட்டில் பட் ஐசக்ஸ் என்பவர் தந்திகள் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்தார். ஒரு சுரம் அசையாமல் நிற்க, பக்கத்தில் இருந்தது மட்டும் நழுவி மேலே ஏறியது. கண்ட்ரி பாட்டில் அழுகை என்று நீங்கள் சொல்வது பெரும்பாலும் இந்த நழுவல்தான். அதற்குப் பிறகு நாஷ்விலில் பெடல் இல்லாமல் பிழைப்பு நடத்துவது கஷ்டமாகிவிட்டது.

5 நவம்பர் 2024, பின்னேரம்

மேலே எழுதியதற்கு ஒரு விதிவிலக்கு, அதுவும் நம் ஆள். ஹாங்க் ஸ்னோ. 1960களின் இறுதியிலிருந்து ஏறக்குறைய முப்பது வருடம் அவரோடு வாசித்த கேட்டன் ராபர்ட்ஸ் கடைசி வரைக்கும் பெடல் இல்லாத ஃபெண்டர் ஸ்ட்ரிங்மாஸ்டரையே வைத்திருந்தார். நாஷ்விலின் புகழ்பெற்ற கண்ட்ரி நிகழ்ச்சியான ‘கிராண்ட் ஓல் ஓப்ரி’ மேடையில் மற்ற எல்லோரும் பெடலை மிதித்துக்கொண்டிருந்த காலத்திலும் ஸ்னோவின் பின்னால் பழைய ஒலிதான். ராபர்ட்ஸ் புளோரிடாக்காரர். ஆனால் அவர் கையிலிருந்து வந்த ஒலியை வேண்டும் என்று வைத்துக்கொண்ட காது கனடாவின் கிழக்குக் கரையில், நோவா ஸ்கோஷியாவில் வளர்ந்தது. கைக்கு மட்டும்தான் குடியுரிமை பார்ப்பீர்களா, காதுக்கும் பார்ப்பீர்களா?

6 நவம்பர் 2024

காது என்றால் என்ன காது என்று ஒரு அண்ணை கேட்டிருந்தார். கொஞ்சம் பின்னால் போவோம்.

கனடிய கண்ட்ரியின் முதல் பெரிய பெயர் வில்ஃப் கார்ட்டர். 1904இல் நோவா ஸ்கோஷியாவில் பிறந்து, இளவயதில் ஆல்பர்ட்டா போய் மாடு மேய்த்தவர். 1933 டிசம்பரில் மொன்றியலில் விக்டர் கம்பெனிக்காக முதலில் பதிந்தார். ஒரு குரல், ஒரு கிட்டார், நடுநடுவே தொண்டையை மடக்கிப் பாடும் யோடல். ஸ்டீலும் இல்லை, ஃபிடில் என்கிற வயலினும் இல்லை. அந்தப் பதிவில் ஒரு பாட்டு, வடக்கே போலீஸ் துரத்திச் சுட்டுக் கொன்ற ஆல்பர்ட் ஜான்சன் என்பவனைப் பற்றியது. செய்தித்தாளைப் பாட்டாகப் படித்த மாதிரி இருக்கும்.

அடுத்து வந்தவர் ஸ்னோ. 1914இல் நோவா ஸ்கோஷியாவின் புரூக்ளின் என்ற சின்ன ஊரில் பிறந்தார். பன்னிரண்டு வயதில் மீன்பிடிக் கப்பலில் எடுபிடி. 1936இல் அவரும் மொன்றியலுக்குத்தான் பதியப் போனார். நாஷ்விலில் நிலைகொள்வதற்கு முன்பே கனடாவில் பல வருடங்கள் தட்டு போட்டுவிட்டார். அந்தப் பழைய தட்டுகள் சிலவற்றில் ஹவாய் பாணி ஸ்டீல் கேட்கும். பாட்டுக்காரர் மூச்சு வாங்கும் இடத்தில் மட்டும் இரண்டு சொட்டு விடும், அவர் வாய் திறந்ததும் அடங்கிவிடும்.

நான் காது என்று சொல்வது இதைத்தான். சொல் முக்கியம், கதை முக்கியம். வாத்தியம் குறுக்கே வரக்கூடாது.

6 நவம்பர் 2024, சற்றுப் பிறகு

இல்லை, ‘கதை முக்கியம்’ என்பது அமெரிக்க கண்ட்ரிக்கும் பொருந்தும். அதை வைத்து மட்டும் பிரிக்க முடியாது. யோசிக்கிறேன்.

8 நவம்பர் 2024

யோசித்ததில் ஃபிடில்தான் காரணமாக இருக்கலாம் என்று படுகிறது.

கனடாவின் கிழக்குக் கரையில் ஒரு கல்யாணம், ஒரு கூத்து என்றால் ஃபிடில்தான். டான் மெஸ்ஸரின் ‘ஜூபிலி’ நிகழ்ச்சி 1959 முதல் 1969 வரை ஹாலிஃபாக்ஸிலிருந்து கனடாவின் பொது ஒலிபரப்பான சிபிசி தொலைக்காட்சியில் நாடு முழுவதும் போனது. மெஸ்ஸர் அதிகம் பேசமாட்டார், ஃபிடிலை எடுத்து வாசிப்பார், அவ்வளவுதான். அதை நிறுத்தியபோது சனம் கொதித்தது. ஒட்டாவாவில் நாடாளுமன்றத்துக்கு முன்னால் ஆர்ப்பாட்டம், உள்ளே கேள்வி. ஒரு ஃபிடில் நிகழ்ச்சிக்காக இவ்வளவு!

ஒன்ராறியோவின் விங்ஹாம் என்ற சிறு ஊர் வானொலி நிலையம் சிகேஎன்எக்ஸ். அதன் ‘பார்ன் டான்ஸ்’ 1937இலிருந்து 1963 வரை ஓடியது. வானொலியில் ஒலிபரப்பியதோடு நிற்காமல் ஊர் ஊராக வண்டி கட்டிக்கொண்டும் போனார்கள். அப்படிப்பட்ட மேடைகளில் நடனம் ஆட வைக்கிற வாத்தியத்துக்குத்தான் முதல் மரியாதை. ஸ்டீல் கிட்டாருக்கு யாரும் ஆடுவதில்லை. அது இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து, ஃபிடில் விட்ட இடைவெளியை நிரப்பப் பழகியது. கனடியப் பதிவுகளில் நான் கேட்கும் அந்த ஒதுக்கம் இங்கிருந்து வந்திருக்கலாம்.

மேற்கே ஆல்பர்ட்டாப் பக்கம் கதை வேறு என்று யாராவது வருவீர்கள். வாருங்கள்.

9 நவம்பர் 2024

யாரும் வரவில்லை. அதற்குப் பதிலாக ‘நீங்கள் வாசிப்பீர்களா?’ என்று கேட்டிருக்கிறார்கள். வாசிப்பேன் என்று சொன்னால் என் மனைவி கீழே வந்து மறுப்பு எழுதுவாள்.

என்னிடம் பழைய பெடல் ஸ்டீல் ஒன்று இருக்கிறது. ஒற்றைக் கழுத்து, பத்துத் தந்தி, மூன்று பெடல். விற்றவர் ‘எல்லாம் வேலை செய்யும்’ என்றார். வீட்டுக்கு வந்து திருப்பிப் போட்டுப் பார்த்தால் அடியில், பெடலை மிதித்தால் தந்தியை இழுக்கும் இழுகம்பி ஒன்று துருவேறி வளைந்திருந்தது. நடுப் பெடலை மிதித்தால் சுரம் போகும், திரும்பி வராது. அதைச் சரிசெய்து முடிப்பதற்குள் வாத்தியத்தின் உள்விவகாரம் எல்லாம் பாடமாகிவிட்டது.

தறியில் உட்கார்ந்தவருக்கு மாதிரி இதிலும் கை கால் எல்லாவற்றுக்கும் தனித்தனி வேலை. வலது கையில் கட்டைவிரலுக்கும் இரண்டு விரலுக்கும் நகப்பூண். மீட்டிய தந்தியை அதே கையின் ஓரத்தால் உடனே அமுக்கி அடக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் ஒன்றோடொன்று குழம்பும். இடது கையில் உருளை. இடது காலில் பெடல், வலது காலில் ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் பெடல். முழங்கால்கள் இரண்டும் பக்கவாட்டில் லீவரைத் தள்ளும்.

கண்ட்ரிக்காரர்கள் வைத்துக்கொள்ளும் சுருதிக்கு ஈ ஒன்பது என்று பெயர். அதில் ஐந்தாவது தந்தி பி. முதல் பெடலை மிதித்தால் அது சி ஷார்ப் ஆகும். மூன்றாவதும் ஆறாவதும் ஜி ஷார்ப். இரண்டாவது பெடலில் அவை ஏ ஆகும். இரண்டு பெடலையும் ஒரே பாதத்தால் மிதித்தால் உருளையை இம்மியும் நகர்த்தாமல் ஈ மேஜர் ஏ மேஜராக மாறிவிடும். பாதத்தை ஒரு பெடலிலிருந்து மற்றதற்குச் சாய்த்துச் சாய்த்து வாசிக்க வேண்டும். கணுக்கால் வலி எனக்கு அதனால்தான் வந்தது, வயதால் அல்ல.

9 நவம்பர் 2024, இரவு

குளிரைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். ஒன்ராறியோவின் வடக்கே ஒரு லீஜன் மண்டபத்தில் (முன்னாள் படைவீரர் சங்கக் கூடம்) சனிக்கிழமை இரவு வாசித்த முதியவர் ஒருவரைக் கனநாள் முன்பு பார்த்தேன். வெளியே மைனஸ் முப்பதுக்குப் பக்கம். அவர் பெட்டியை உள்ளே கொண்டுவந்து வைத்துவிட்டுத் திறக்கவே இல்லை. கோப்பி குடித்தார், ஆட்களோடு கதைத்தார். மற்றவர்கள் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தபோதும் அசையவில்லை. கேட்டேன். உடனே திறந்தால் குளிர்ந்த இரும்பில் ஈரம் படியும், மேல்பூச்சு வெடிக்கும், தந்தி சூடாகச் சூடாக நீண்டு சுருதி இறங்கிக்கொண்டே போகும், அதைத் துரத்திக்கொண்டு இரவு முழுவதும் திருகியைத் திருப்ப வேண்டிவரும் என்றார். பத்துத் தந்தி. இரட்டைக் கழுத்தென்றால் இருபது.

மண்டபத் தரை சமமாக இல்லை. வாத்தியத்தின் ஒரு காலுக்கடியில் பியர் கிளாஸ் வைக்கும் அட்டைகளை மடித்துச் செருகினார். வாசித்தது என்னவோ அதிகபட்சம் பாட்டுக்கு நாலு இடம். பாடகர் வரியை முடிக்கும்போது வலது கால் மெல்ல இறங்கும், ஒலி எங்கிருந்து தொடங்கியது என்றே தெரியாமல் வந்து நிற்கும். மீட்டிய சத்தம் காதில் விழாது. முதலில் மீட்டிவிட்டு அப்புறம் ஒலியைத் திறப்பதால் அப்படி.

அவர் எந்தத் தட்டிலும் வாசித்ததில்லை என்றார். நான் தேட வேண்டும் என்று சொன்ன ‘வேறு இடங்கள்’ இவைதான்.

10 நவம்பர் 2024

இன்றைய தேதிக்கு இதைச் சொல்லாவிட்டால் பலர் கோபிப்பார்கள். 1975 நவம்பர் 10ஆம் தேதி சுப்பீரியர் ஏரியில் ‘எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட்’ என்ற சரக்குக் கப்பல் புயலில் மூழ்கி 29 பேர் இறந்தார்கள். கோர்டன் லைட்ஃபுட் உடனே அதைப் பாட்டாக எழுதி, அடுத்த மாதமே ரொறன்ரோவின் ஈஸ்டர்ன் சவுண்ட் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிந்தார். 1976இல் வெளிவந்து பில்போர்ட் பொதுப் பட்டியலில் இரண்டாம் இடம் வரைக்கும் போனது. ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடுகிற, பல்லவியே இல்லாத பாட்டு!

அதில் ஸ்டீல் வாசித்தவர் பீ வீ சார்ல்ஸ் என்று மேடைப்பெயர் கொண்ட கனடியர். கேள்வி கேட்டவரே, உங்கள் நிபந்தனை எல்லாம் இதில் நிறைவேறுகிறது: கனடியப் பாட்டு, கனடியக் கூடம், கனடியக் கை, உலகப் புகழ். கண்ட்ரியா என்று மட்டும் கேட்காதீர்கள், நாட்டார் பாட்டுக்கும் கண்ட்ரிக்கும் நடுவே லைட்ஃபுட் வேலியே போடவில்லை. ‘கண்ட்ரி ஹோடவுன்’ தொலைக்காட்சி நிகழ்ச்சியில் கூட்டத்தோடு ஆடிப் பாடித்தான் அவரும் தொடங்கினார்.

பாட்டில் ஸ்டீலைத் தேடினால் முதலில் கிடைக்காது. டெரி கிளெமென்ட்ஸின் மின்கிட்டார் மேலே வரும். ஸ்டீல் அதற்குப் பின்னால் நீளமான சுரங்களாகக் கிடக்கும், அழாது. இறந்தவர்களைப் பற்றிய பாட்டில் அழத் தெரிந்த ஒரே வாத்தியம் அழாமல் இருப்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

லாரி ஓட்டிய வருடங்களில் நெடுஞ்சாலை 17இல் அந்த ஏரிக்கரையோரம் எத்தனையோ இரவு போயிருக்கிறேன். வாவா தாண்டி மரதன் நோக்கிப் போகும்போது வானொலியில் இந்தப் பாட்டு வந்ததாக எழுதினால் வடிவாக இருக்கும். அங்கே வானொலியே சரியாக எடுக்காது. நான் முதலில் கேட்டது மிசிசாகாவில், சரக்கு இறக்க வரிசையில் நின்றபோது.

12 நவம்பர் 2024

தந்தி மேல் கட்டையை வழுக்கி வாசிக்கும் நம் கோட்டு வாத்தியத்தைப் பார்த்துத்தான் ஹவாய்க்காரர்கள் ஸ்டீல் கிட்டாரைக் கண்டுபிடித்தார்கள் என்று ஒரு ஐயா நீளமாக எழுதியிருக்கிறார். வாட்ஸ்அப்பில் வந்தால் சந்தேகப்படுங்கள் ஐயா.

பரவலாக ஒத்துக்கொள்ளப்பட்ட பெயர் ஜோசப் கெகுகு. ஓவாஹு தீவைச் சேர்ந்தவர், 1880களின் பிற்பகுதியில் பள்ளி மாணவனாக இருந்தபோதே இந்த வாசிப்பை வளர்த்தெடுத்தவர். அவருக்கு முன்பே கேப்ரியல் டேவியன் என்ற மாலுமி அங்கே இப்படி வாசித்ததாகவும், அவர் இந்தியாவில் பிறந்தவர் என்றும் ஒரு பேச்சு உண்டு. உங்கள் செய்திக்கு வேர் அதுதான். அவர் கோட்டு வாத்தியம் கேட்டவர் என்பதற்கு அதில் எந்தச் சான்றும் கிடையாது. எதிர்த்திசையில் நடந்ததற்குத்தான் நிறையச் சான்று இருக்கிறது: ஹவாய் கிட்டார் இருபதாம் நூற்றாண்டில் இந்தியா வந்தது, டாவ் மோ என்ற ஹவாய்க் கலைஞர் 1940களில் கல்கத்தாவில் தங்கியிருந்தார், பிறகு பிரிஜ் பூஷண் காப்ரா அதில் ராகமே வாசித்தார்.

நம் காதுக்கு இதில் ஒட்டும் விஷயம் வேறு. ஸ்டீல்காரர்கள் பியானோ சுருதியை அப்படியே வைத்துக்கொள்வதில்லை. மேஜர் மூன்றாம் சுரத்தை, அதாவது நம் அந்தர காந்தாரத்தை, பியானோவில் இருப்பதைவிடச் சற்று இறக்கி வைப்பார்கள். முழுக்க இயற்கைச் சுருதிக்குப் போனால் அரைச்சுரத்தில் ஏழில் ஒரு பங்கு அளவு இறங்கும். இயந்திரத்தைப் பார்த்துச் சுருதி சேர்த்துவிட்டு, கடைசியில் காதால் கீழே இழுத்துவிடுவதை அந்த லீஜன் மண்டபத்திலும் பார்த்தேன். எனக்கு அந்த வாத்தியம் உடனே பிடித்துப்போனதற்கு இதுதான் காரணமோ என்னவோ.

15 நவம்பர் 2024

பட்டி கேஜ் பற்றி மேலும் கேட்டவர்களுக்கு. இயன் டைசனும் சில்வியாவும் நாட்டார் பாடகர்களாகப் புகழோடு இருந்தவர்கள். 1969 வாக்கில் திடீரென்று மின்கிட்டார், டிரம், பெடல் ஸ்டீல் என்று ‘கிரேட் ஸ்பெக்கிள்ட் பேர்ட்’ குழுவைத் தொடங்கினார்கள். பழைய ரசிகர்களில் பலருக்குப் பிடிக்கவில்லை. 1970இல் வந்த அந்த இசைத்தட்டைத் தயாரித்தவர் டாட் ருண்ட்கிரன். கிட்டார் ஏமஸ் காரெட், ஸ்டீல் கேஜ். இருவரும் ஒருவரை ஒருவர் விரட்டிக்கொண்டு போவார்கள், பாட்டுக்காரருக்கு வழி விடுவதாவது! நான் மேலே பெருமையாகச் சொன்ன கனடிய ஒதுக்கத்தை இந்த ஒரு தட்டே கிழித்துப் போட்டுவிடும்.

அதே வருடக் கோடையில் ‘ஃபெஸ்டிவல் எக்ஸ்பிரஸ்’. இசைக்குழுக்களை ஒரு ரயிலில் ஏற்றி ரொறன்ரோ, வினிப்பெக், கல்கரி என்று நிகழ்ச்சி. கார்சியாவின் ‘கிரேட்ஃபுல் டெட்’ குழுவும் பாடகி ஜானிஸ் ஜாப்ளினும் அதில். ரயிலில் குடி தீர்ந்துபோய் சாஸ்கட்டூனில் வண்டியை நிறுத்தி வாங்கினார்கள் என்பது ஆவணப்படத்திலேயே வருகிறது. பெடல் ஸ்டீலை அப்போதுதான் பழகிக்கொண்டிருந்த கார்சியாவும், அதில் தேர்ந்த கேஜும் ஒரே ரயிலில். அடுத்த வருடம் கார்சியாவின் நாற்காலி கேஜுக்கு வந்தது.

கேஜ் 2020இல் காலமானார்.

16 நவம்பர் 2024

‘கனடியப் பாட்டு’ என்பதற்குச் சட்டத்திலேயே வரையறை இருக்கிறதே என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். இருக்கிறது. 1971 ஜனவரியிலிருந்து ஏஎம் வானொலிகள் ஒலிபரப்பும் இசையில் 30 சதவீதம் கனடியதாக இருக்க வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் விதித்தது. எது கனடியது என்று பார்க்க நான்கு கேள்வி: இசையமைத்தவர் யார், பாடியவர் யார், பதிந்தது எங்கே, வரி எழுதியவர் யார். பொதுவாக இரண்டில் தேறினால் போதும்.

கவனியுங்கள், பக்கவாத்தியக்காரர் நான்கிலும் இல்லை. ‘ஹார்வெஸ்ட்’ பாட்டுகள் சில நாஷ்விலில் அமெரிக்க ஸ்டீலோடு பதிந்தாலும் இசை, வரி, பாடகர் என்று மூன்றில் தேறும். டிலன் தட்டில் கேஜ் உயிரைக் கொடுத்து வாசித்தாலும் சைபர். இந்த விதி கனடியப் பாடகர்களுக்கு நல்லது செய்தது, ஒலிப்பதிவுக் கூடங்களுக்கும் வேலை கொடுத்தது, அதனால் ஸ்டீல்காரர்களுக்கும் சோறு கிடைத்திருக்கும். பெயர் கிடைக்கவில்லை.

தொலைக்காட்சியிலும் இதே கதை. ‘டொமி ஹன்டர் ஷோ’ 1965 முதல் 1992 வரை சிபிசியில் ஓடியது. நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், ஸ்காபரோவில் ஒரு நிலவறை வீட்டில், யாரோ தூக்கிப் போட்ட தொலைக்காட்சிப் பெட்டியில் வெள்ளிக்கிழமை இரவுகளில் அதைப் பார்ப்போம். ஆங்கிலம் பாதிதான் புரியும். ஹன்டர் நிதானமாகப் பேசுவதால் அது எங்களுக்கு வகுப்பு மாதிரி. கமெரா பாடுகிறவரின் முகத்திலேயே நிற்கும். ஸ்டீல் ஒலிக்கும்போது ஒரு கையும் பளபளக்கும் உருளையும் வந்து போகும். அந்த வெள்ளி நிற உருளை என்ன என்று எங்கள் வீட்டில் பெரிய விவாதம். கத்தி என்றான் ஒருவன்.

21 நவம்பர் 2024

பிற்காலத்தவர் பெயரும் கேட்டார்கள். ‘பிரெய்ரி ஆய்ஸ்டர்’ குழுவில் டென்னிஸ் டெலோர்ம். ஹாமில்டனில் வளர்ந்த டேனியல் லன்வா, யூ2 இசைத்தட்டுகளைத் தயாரித்தவராகத்தான் பலருக்குத் தெரியும். 2005இல் அவர் வெளியிட்ட ‘பெல்லாடோனா’வில் பாட்டே இல்லை, பெடல் ஸ்டீல்தான் நடுநாயகம். கண்ட்ரி என்று அதைச் சொல்ல முடியாது.

எனக்குப் பிடித்தது கிம் டெஷாம்ப். 1987 நவம்பர் 27 அன்று ‘கௌபாய் ஜங்கீஸ்’ குழு ரொறன்ரோவின் ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் ஒரே ஒரு மைக்கைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து பதிந்த ‘த டிரினிட்டி செஷன்’. தேவாலயம் கிடைக்க வேண்டும் என்பதற்காக, நாங்கள் ‘டிம்மின்ஸ் குடும்பப் பாடகர்கள்’, சிபிசிக்குக் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி பதிகிறோம் என்று பொய் சொல்லி இடம் பிடித்தார்கள். ஒற்றை மைக் என்பதால் பிறகு ஒன்றைக் கூட்டி ஒன்றைக் குறைக்க வழியில்லை. யார் எவ்வளவு கேட்க வேண்டும் என்பதை நாற்காலியைத் தள்ளித் தள்ளித்தான் முடிவு செய்ய முடியும். அதில் ஹாங்க் வில்லியம்ஸ் பாட்டு வரும் இடத்தில் ஸ்டீலை ஹெட்போனில் கேளுங்கள். கட்டடமும் சேர்ந்து ஒலிக்கிறது.

24 நவம்பர் 2024

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து ‘ஆக, கனடியப் பாணி உண்டா இல்லையா, ஒரே வார்த்தையில்’ என்கிறார்.

ஒரே வார்த்தையில் முடியாது. 6ஆம் தேதி எழுதியபோது உண்டு என்ற நினைப்பில் இருந்தேன். கேஜ் வாசிப்பைத் திரும்பக் கேட்ட பிறகு அந்த உறுதி போய்விட்டது. அடக்கி வாசிப்பது நாட்டின் குணம் அல்ல, வேலையின் குணம். நடன மேடையிலும் தொலைக்காட்சியிலும் சம்பளத்துக்கு வாசித்தவர்கள் பாடகருக்கு வழிவிட்டார்கள். சொந்தக் குழு கிடைத்தபோது அதே ஊர்க்காரர் பாய்ந்து வாசித்தார். நாஷ்விலிலும் அப்படித்தான். ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்: ஃபிடில் முன்னால் உட்கார்ந்த ஊரில் ஸ்டீல் வேறு மாதிரித்தான் வளரும். ஆல்பர்ட்டாக்காரர்கள் இன்னும் வரவில்லை.

2 டிசம்பர் 2024

பதின்மூன்று வயது மகள் ஸ்டீல் பழக ஆசைப்படுகிறாள், எதில் தொடங்குவது என்று ஒரு அக்கா கேட்டிருக்கிறார். இந்த இழையில் இதுவரை வந்த ஒரே உருப்படியான கேள்வி.

முதலில் மடியில் வைத்து வாசிக்கும், பெடல் இல்லாத ஆறு தந்தி லாப் ஸ்டீல் ஒன்று வாங்கிக் கொடுங்கள். விலை குறைவு, தூக்கிக்கொண்டு போகலாம். உருளையைப் பிடிப்பது, தேவையில்லாத தந்தியை அமுக்குவது, சரியான இடத்தில் நிறுத்துவது எல்லாம் அதிலேயே பழகிவிடும். ஸ்னோவின் தட்டுகளோடு சேர்ந்து வாசிக்கச் சொல்லுங்கள், பெடல் இல்லாமலே அந்த ஒலி கிடைக்கும். ஆறு மாதம் கழித்தும் விடாமல் உட்கார்ந்தால் பெடல் ஸ்டீலைப் பற்றி யோசியுங்கள். அப்போது ஈ ஒன்பது சுருதி உள்ள ஒற்றைக் கழுத்து போதும், இரட்டைக் கழுத்து வேண்டாம், பெட்டியோடு முப்பது கிலோவுக்குப் பக்கம் வரும், அதைக் காரில் ஏற்றி இறக்கப் போவது நீங்கள். பழையது வாங்கினால் அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு பெடலையும் மிதித்துவிட்டு, சுரம் பழைய இடத்துக்கே திரும்புகிறதா என்று டியூனர் வைத்துப் பாருங்கள். ‘எல்லாம் வேலை செய்யும்’ என்று விற்பவர் சொன்னால் இன்னொரு தடவை மிதித்துப் பாருங்கள்.